மோந்து பார்த்த காலண்டர்

கண்ணைத் திறக்காதீங்க தம்பி. சொட்டு மருந்து விட்டுட்டு நர்சம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க? முக்கா மணி நேரம் மூடியே வச்சிருக்கணும்னு சொன்னாங்கல்ல. திறந்து திறந்து பாத்தீங்கன்னா மறுபடியும் விடுவாங்க, எரியும். சும்மா சாஞ்சு உக்காருங்க. கண்ணுதானே மூடியிருக்கு, காது திறந்துதானே இருக்கு. நான் பேசிக்கிட்டிருக்கேன், உங்களுக்கும் பொழுது போகும்.

லேசர் பண்ணிக்கத்தானே வந்திருக்கீங்க? தெரியும். மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணாடி பதிஞ்ச தடம் இருக்கே. என்ன பவர்? மைனஸ் நாலா? அதெல்லாம் ஒரு பவரா. எனக்கு ஆறரை, ரெண்டு கண்ணுலயும். அஞ்சாம் வகுப்புலருந்து போட்டது. லேசர் பண்ணி எட்டு மாசம் ஆகுது, இதே ஆஸ்பத்திரி, மேல ரெண்டாவது மாடி. அதனால பண்ணினா என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு டாக்டரைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அவரு வெளியிலருந்து பாக்குறாரு, நான் உள்ளருந்து பாக்குறேன்ல.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். முக்கியமான விசயத்தை இங்க யாருமே சொல்ல மாட்டாங்க. எனக்கும் சொல்லல.

என் பேரு ரத்தினராஜ். ஊரு சிவகாசி. ஆப்செட் பிரஸ்ல புரூஃப் பாக்குற வேலை, இருபத்திரெண்டு வருசமா. மிஷின் ஓடுறதுக்கு முன்னாடி மாதிரித் தாள் ஒண்ணு போட்டுத் தருவாங்க. எழுத்துப்பிழை, தேதிப்பிழை, கலர் விலகல் எல்லாம் பாத்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் மிஷின் ஓடும். மத்த பிரஸ்ல பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பாங்க. நமக்கு அது தேவையில்ல. போட்டிருக்கிற கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டு, தாளை மூக்குக்கிட்ட கொண்டு வந்தேன்னா கலர் புள்ளி ஒவ்வொண்ணும் கடுகு கடுகாத் தெரியும். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் எறும்பு சைசுல போட்டிருப்பாங்க பாருங்க, அதுல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிச்சிருவேன். பிரஸ்ல இதுக்கு மோந்து பாக்குறதுன்னு பேரு. வர்ற கஸ்டமர் அத்தனை பேரும் முதலாளிகிட்ட, ரத்தினண்ணன் மோந்து பாத்துட்டாரான்னு கேட்டுட்டுத்தான் ஆர்டரை உறுதி பண்ணுவாங்க. கிண்டல் தம்பி. எல்லாம் கிண்டல். நானும் சிரிச்சுக்கிட்டே இருப்பேன், உள்ள எரியும்.

இதுல பெரிய கிண்டல்காரன் யாருன்னா என் மச்சினன் சோலைராஜ். என் வீட்டுக்காரி மாரிக்கனிக்கு ஒரே தம்பி. பெயின்ட் கடை வச்சிருக்கான். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவன் வாயில வந்த பேரு ‘சோடாபுட்டி மச்சான்’. அப்ப அவன் டவுசர் போட்ட பய. இன்னைக்கு ரெண்டு பிள்ளைக்கு அப்பன், இன்னும் அதே பேருதான். கடையில நாலு பேரு நிக்கும்போது, வாங்க சோடாபுட்டி மச்சான், டீ சாப்பிடுறீங்களாம்பான். டீயை வேண்டாம்னும் சொல்ல முடியாது, நல்ல டீ.

கல்யாணத்தைக் கேளுங்க. போட்டோக்காரன், கண்ணாடியில லைட் அடிக்குது, கழட்டுங்கண்ணேன்னுட்டான். கழட்டிட்டேன். மண்டபத்துல அறுநூறு பேரு, ஒரு மூஞ்சி தெரியல. எல்லாம் கலங்கின தண்ணி. தாலி கட்டக் குனிஞ்சப்ப மாரிக்கனி கழுத்துல, காதுக்குக் கீழ, ஒரு மச்சம் மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சது. மிளகுல பாதி இருக்கும். என் கல்யாணத்துல நான் பாத்தது அது ஒண்ணுதான். சரி, அது கிடக்கட்டும், எங்கேயோ போயிட்டேன்.

போன வருசம் சோலைராஜ் வீடு கட்ட ஆரம்பிச்சான். மாடி வீடு. தை மாசம் பால் காய்ச்சுறதா பேச்சு. பெரிய கேமராக்காரனா ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொன்னான். எனக்கு அன்னைக்கே முடிவு ஆயிருச்சு. இந்த ஒரு விசேசத்துலயாவது வெறும் மூஞ்சியோட நிக்கணும், அந்தப் பய வாயில வேற பேரு வரணும். லேசர்தான்னு கிளம்பி வந்துட்டேன்.

மாரிக்கனி கேட்டா, “நீங்க பாக்குற வேலையே கிட்டத்து வேலை. தூரத்துல எதைப் பாக்கப் போறீங்க?”ன்னு. உனக்கு மருத்துவம் தெரியாது, வாயை மூடுன்னு சொல்லிட்டேன். அவளுக்கு எப்பவும் இப்படித்தான், சம்பந்தமில்லாமக் கேப்பா.

இங்க ஆபரேசனுக்கு முன்னாடி எல்லாத்தையும் விளக்கிச் சொல்ற கவுன்சிலர் பொண்ணு ஒண்ணு இருக்கும், உங்ககிட்டயும் பேசும். நல்ல பொண்ணு, ஆனா விசயத்தைச் சொல்லாது. எனக்கு என்ன சொல்லுச்சு? தூரப்பார்வை நல்லா வரும்னு சொல்லுச்சு. கொஞ்ச மாசத்துக்குக் கண்ணு காஞ்சுபோன மாதிரி இருக்கும், சொட்டு மருந்து விடணும்னு சொல்லுச்சு. ராத்திரியில லைட்டைச் சுத்தி வளையம் தெரியலாம், பையப் பையக் குறையும்னு சொல்லுச்சு. சில பேருக்குத் துளி பவர் மிச்சம் நிக்கும்னுச்சு. அப்புறம், “சாருக்கு நாப்பத்தஞ்சு ஆயிருச்சு, இந்த வயசுல தூரத்துக்குச் சரி பண்ணினா படிக்கிறதுக்குக் கண்ணாடி தேவைப்படும். இப்ப கழட்டிட்டுக் கிட்டத்துல பாக்குறீங்கல்ல, அது போயிரும்”னு சொல்லுச்சு.

ஆமா, சொல்லுச்சு. சொல்லலைன்னு நான் சொல்லலையே. ஆனா சொல்ற மாதிரி சொல்லல தம்பி. சிரிச்ச மூஞ்சியோட சொன்னா யாருக்கு உறைக்கும்? ஒரு லென்சை மாட்டிவிட்டு, ஆபரேசனுக்கு அப்புறம் இப்படித்தான் இருக்கும், இந்தத் தாளைப் படிங்கன்னு கையில வேற குடுத்துச்சு. படிக்க முடியல. முடியலையா சார்னு கேட்டுச்சு. ரூம்ல வெளிச்சம் பத்தலம்மான்னேன். ரெண்டு டியூப்லைட்டை சேத்துப் போட்டுச்சு. அப்பவும் அந்த ரூம்ல வெளிச்சம் பத்தல.

இன்னொண்ணும் சொல்லுச்சு. ஒரு கண்ணைத் தூரத்துக்குச் சரி பண்ணிட்டு, இன்னொரு கண்ணுல கொஞ்சம் பவரை அப்படியே விட்டு வைக்கலாம், கிட்டத்துக்கு உதவும், உங்க வேலைக்கு யோசிங்க சார்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ரெண்டு கண்ணுக்கும் முழுசாப் பணம் கட்டுறேன், ஒரு கண்ணுல வேலையைப் பாதியில நிறுத்துறேன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? ஒரு கால் பேண்ட் மட்டும் தச்சுத் தர்றேன்னு டெய்லர் சொன்னா வாங்கிட்டு வருவோமா? ரெண்டும் முழுசாத்தான் வேணும்னு கையெழுத்துப் போட்டேன். நாலு பக்கம் இருந்துச்சு அந்தத் தாளு. ஊரு தாளையெல்லாம் மோந்து பாக்குறவன், நம்ம தாளை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அதுதான் என் நல்ல மனசு.

ஆபரேசன் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. மரத்துப்போக மருந்து விடுவாங்க, லைட்டையே பாருங்கம்பாங்க. முடி கருகின மாதிரி ஒரு வாசம் வரும். பயந்து எந்திரிச்சு ஓடலாமான்னு நினைக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகும்.

மறுநாள் காலையில கண்ணு முழிச்சேன். வழக்கம்போலத் தலைமாட்டுல கண்ணாடியைத் தடவுறேன், இல்ல. அப்பத்தான் எதுக்க இருந்த ஃபேனைப் பாத்தேன். ஃபேன் இறக்கையில படிஞ்சிருந்த தூசி தெரிஞ்சது தம்பி. சன்னல் வழியாப் பாத்தா தண்ணித் தொட்டி மேல ஒரு காக்கா, அது வாயில ஒரு சுள்ளி. அந்தச் சுள்ளிகூடத் தெரிஞ்சது. முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு வெறுங்கண்ணால ஒரு காக்காயைப் பாக்குறேன். அழுகை வந்துருச்சு. மாரிக்கனிகிட்ட, சொட்டு மருந்து எரியுதுன்னு சொல்லிட்டேன். அந்தச் சந்தோசத்தைப் பொய்னு சொல்ல மாட்டேன். அது நிசம். உங்களுக்கும் அது கிடைக்கும்.

பிரஸ்ல எல்லாரும் வந்து மூஞ்சியைப் பாத்தாங்க. பத்து வயசு குறைஞ்சிருச்சுன்னாங்க. இனிமே ரத்தினராஜ் மூஞ்சியில கண்ணாடியைப் பாத்தீங்கன்னா செருப்பால அடிங்கன்னு நானே வாயைக் குடுத்துட்டேன். அப்புறம் உக்காந்து புரூஃபை எடுத்து, இல்லாத கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டு, தாளை மூக்குக்கிட்ட கொண்டு போனேன். ஒண்ணும் தெரியல. சாம்பல் பூசின மாதிரி இருக்கு. மை வாசம்தான் வருது. அன்னைக்குத்தான் நிசமாவே மோந்து பாத்தேன்.

கையை நீட்டிப் பாத்தேன், கொஞ்சம் தெரிஞ்சது. இன்னும் நீட்டணும், கை பத்தல. செருப்புன்னு வேற சொல்லியாச்சு, எந்த மூஞ்சியோட கண்ணாடிக் கடைக்குப் போறது? கம்ப்யூட்டர்ல டைப் பண்ற பிள்ளையைக் கூப்பிட்டு, நீ வாசி, நான் கேக்குறேன், இதுதான் இப்ப புது முறைன்னு சமாளிச்சேன். நாலஞ்சு மாசம் அப்படியே ஓடிருச்சு.

ஐப்பசியில சோலைராஜ் வந்தான். கடை பேரு போட்டு மாதக் காலண்டர் ஆயிரம் வேணும்னான். புரூஃப் வந்த அன்னைக்கு அந்த டைப் பண்ற பிள்ளை லீவு. இவன் எதுத்தாப்புல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டான், மச்சான் பாத்துக் குடுங்கன்னு. நான் என்ன செய்ய? மூக்குக்கிட்ட கொண்டு போனேன், இப்படியும் அப்படியும் தலையை ஆட்டினேன், ம்ம்னு ரெண்டு தடவை சொன்னேன், கையெழுத்தைப் போட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. மாரிக்கனிக்குப் படிக்கிற கண்ணாடி ஒண்ணு உண்டு, ரோஸ் கலர் ஃபிரேம், ஓரத்துல பூ வேற. அவ ஒரு மறதிக்காரி. அதைக் கொண்டாந்து என் சாப்பாட்டுப் பையில வச்சிருவா. தினமும். சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு நாள்கூடத் தவறாம மறந்து வச்சிருவா, அதுவும் துடைச்சு உறையில போட்டு. நானும் யாருக்கும் தெரியாம பேப்பர் கட்டுக்குப் பின்னாடி போயி மாட்டிப் பாத்துட்டு, சாயந்தரம் அவ பாக்காத நேரமா இருந்த இடத்துல வச்சிருவேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது.

மார்கழி கடைசியில சோலைராஜ் பால் காய்ச்சுற பத்திரிகைக்கு எழுதிக் குடுத்துவிட்டான். தை பதினேழு, சுபமுகூர்த்தம். பேப்பர் கட்டுக்குப் பின்னாடி போயி, ரோஸ் கண்ணாடியை மாட்டி, பழக்கதோசம், பஞ்சாங்கத்தைத் திறந்து சரிபாத்தேன். தை பதினேழு கரிநாள். பதினெட்டுதான் முகூர்த்தம். ஓடிப்போயி காலண்டர் புரூஃப் கோப்பை எடுத்தேன். ரெண்டு கட்டமும் இடம் மாறி உக்காந்திருக்கு, பதினேழுல முகூர்த்தம், பதினெட்டுல கரிநாள். கீழ என் கையெழுத்து, சுழிச்சு சுழிச்சு, என்னமோ கலெக்டர் மாதிரி.

 எங்க பக்கம் கரிநாள்ல கத்திரிக்கா நாத்துகூட நட மாட்டாங்க. அதுலயும் சோலைராஜ் அடிபட்டவன். முதல் கடையை நாள் பாக்காமத் திறந்து ஆறு மாசத்துல இழுத்து மூடினவன். அதுலருந்து முடி வெட்டவே நாள் பாக்குற ஆளு. கரிநாள்ல வீடு புகுந்தோம்னு பின்னாடி தெரிஞ்சதுன்னா அந்த வீட்டுல ஒரு நாள் நிம்மதியாத் தூங்க மாட்டான். சொல்லிடணும். ஆனா சொன்னா எனக்குக் கண்ணு தெரியலன்னும் சேத்துச் சொல்லணுமே. இருபது வருசம் சோடாபுட்டின்னவன்கிட்டப் போயி?

அதனால அறிவா ஒரு வழி யோசிச்சேன். வேலை இழுத்தா நாளும் தள்ளிப்போகும்னு, முதல்ல டைல்ஸ் போடுற மேஸ்திரிகிட்டப் போயி, நிதானமாச் செய்ங்க, அவசரப்பட்டா தரை தூக்கிரும்னு பயங்காட்டினேன். அந்த ஆளு என்ன நினைச்சானோ, ரோசத்துல நாலு நாள் முன்னாடியே முடிச்சிட்டான். சரின்னு நேரா சோலைராஜ் புது வீட்டுக்குப் போனேன். மாரிக்கனியும் அவன் பொண்டாட்டியும் இருந்தாங்க. எனக்குப் பதினேழாந் தேதி மதுரையில கண்ணு செக்கப் இருக்குப்பா, பதினெட்டுக்குத் தள்ளி வைன்னு அவிழ்த்து விட்டேன். எப்படி என் மூளை?

அவன் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணல. நீங்க இல்லாம நான் எப்படி மச்சான் பால் காய்ச்சுவேன், ஒரு நாள்தானே, தள்ளிக்கிடுவோம்னு எந்திரிச்சான். அப்பாடான்னு இருந்துச்சு. அவன் நேரா சுவத்துக்குப் போயி காலண்டரைப் பாத்தான். “பதினெட்டு கரிநாளால்ல போட்டிருக்கு”ன்னான்.

கரிநாள் கிரிநாள் எல்லாம் யாருப்பா இப்ப பாக்குறான்னு நான் சொன்னேன். எனக்கே அது என் குரல் மாதிரி இல்ல.

“நீங்க மோந்து பாத்த காலண்டர் மச்சான். இதுல தப்பு வருமா? இந்தத் தெருவுல நாள் பாக்க அம்புட்டுப் பேரும் என் கடைக் காலண்டரைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, எங்க மச்சான் பாத்ததுன்னு சொல்லித்தான் குடுத்திருக்கேன்”னான். பெருமையாச் சொல்றான் தம்பி. அவன் என்னைப் பத்திப் பெருமையாப் பேசி அன்னைக்குத்தான் கேக்குறேன். இல்ல, முன்னாடியும் பேசியிருப்பானோ என்னமோ, எனக்குக் கிண்டலாத்தான் கேட்டிருக்கு.

 பையில கையை விட்டேன். ரோஸ் கண்ணாடியை எடுத்து மாட்டினேன், பூ வச்ச ஃபிரேம், அத்தனை பேருக்கும் முன்னாடி. கையோட கொண்டு போயிருந்த பஞ்சாங்கத்தைப் பிரிச்சு வாசிச்சேன். தை பதினேழு, கரிநாள். தை பதினெட்டு, சுபமுகூர்த்தம். நான்தான்பா பாக்காமக் கையெழுத்துப் போட்டேன், எனக்குத் தெரியலன்னு சொன்னேன்.

 சோலைராஜ் சிரிப்பான்னு காத்துக்கிட்டு நிக்கிறேன், சிரிக்கல. எத்தனை நாளா மச்சான் கண்ணு தெரியலன்னான். தெரியுதேப்பா, தூரம் நல்லாத் தெரியுது, தண்ணித் தொட்டி மேல இருக்கிற காக்கா தெரியுதுன்னேன்.

“நான் காக்கா பாக்குறதுக்கா உங்ககிட்டக் காலண்டரைக் குடுத்தேன்?”னான்.

அவ்வளவுதான் சொன்னான். அடிச்சிருந்தாத் தேவலாம்.

அப்புறம் ஒரு வாரம் அவனும் நானும் வீடு வீடாப் போனோம். சின்ன ஒட்டுச்சீட்டு அடிச்சு, பதினேழு மேல ஒண்ணு, பதினெட்டு மேல ஒண்ணு. அவன் பசை தடவுவான், நான் கோணாம ஒட்டுவேன், ரோஸ் கண்ணாடியை மாட்டிக்கிட்டு. தெருவே பாத்துச்சு. ஒரு வீட்டுல காதுகுத்து, ஒரு வீட்டுல வளைகாப்பு, ரெண்டும் பதினேழுல வச்சிருந்தாங்க. என்னாலதான் தப்பிச்சாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லணுமே, ம்ஹும். மாரிக்கனியாவது ஆச்சரியப்படுவான்னு பாத்தேன், என் கண்ணாடி உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு கேப்பான்னு. கேக்கவே இல்ல. மறதிக்காரின்னு சொன்னேன்ல, தொலைஞ்சது தெரிஞ்சாத்தானே கேப்பா.

இன்னைக்குத் தை பதினேழு. பாருங்க, செக்கப்புன்னு விட்ட பொய் நிசமாப் போச்சு. நாளைக்குப் பால் காய்ப்பு. சோலைராஜ் கறாராச் சொல்லிட்டான், கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாத்தான் வாசப்படி ஏற விடுவேன், அதுவும் அந்தப் பழைய கறுப்பு ஃபிரேம்லன்னு. கிண்டலைப் பாத்தீங்களா? போனாப் போகுதுன்னு நானும் இறங்கி வந்துட்டேன். கீழ கண்ணாடிக் கடையில பழைய ஃபிரேமைக் குடுத்தேன், அந்தப் பொண்ணு, இம்புட்டு மெல்லிசு லென்சுக்கு இது எதுக்கு சார்னு கேக்குது. போட்டுக் குடும்மா, நாளைக்கு இதைப் போட்டுத்தான் போட்டோவுல நிக்கணும்னுட்டேன். ஒரு மணி நேரத்துல தந்துருவாங்க.

உங்க வயசு என்ன தம்பி, இருபத்தஞ்சா? அப்ப பயப்படாதீங்க, பண்ணிக்கிடுங்க. கிட்டமும் தெரியும், தூரமும் தெரியும், இன்னும் இருபது வருசத்துக்குக் கவலையில்ல. அந்தக் கவுன்சிலர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்றதை மட்டும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. முக்கியமானதை அப்படித்தான் சொல்லும்.

மருந்து பிடிச்சிருக்கும், இப்ப கண்ணைத் திறக்கலாம். மங்கலாத்தான் இருக்கும். அந்தா கடைசியில, தண்ணி கேன் பக்கத்துல, பச்சைச் சேலை ஒண்ணு தெரியுதா? அவதான் மாரிக்கனி. இங்கருந்து எனக்கு அவ தலையில இருக்கிற கனகாம்பரம் எத்தனைன்னு எண்ண முடியும். கிட்ட வந்து உக்காந்தாத்தான் காணாமப் போயிருவா. எட்டு மாசமா அந்த மச்சத்தைப் பாக்கல தம்பி. கரெக்டா எந்தப் பக்கம்னுகூடச் சந்தேகம் வந்துருச்சு. இதை டாக்டர்கிட்டச் சொல்லவா முடியும்?

இந்தா, எந்திரிச்சு வர்றா. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க. புதுசு வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ரோஸை மாட்டிக்கிடுறேன்.